எஞ்சியவர்கள் எழுதிய ஊர்வரலாறு

1

அமெரிக்காவின் எந்தச் சிறு நகரத்துக்குப் போனாலும் அந்த ஊரின் வரலாறு என்று ஒரு சிறு பிரசுரம் கைக்குக் கிடைக்கும். நகரசபை மண்டபத்திலோ, பழைய புகையிரத நிலையத்தில் அமைந்த நூதனசாலையிலோ அதை இலவசமாக வைத்திருப்பார்கள். முதலில் காடு. பின்னர் ஒரு மரம் அரியும் ஆலை. பின்னர் ரயில் வருகிறது. முதல் பாடசாலை, முதல் தேவாலயம், ஒரு பெரிய தீ விபத்து, முதல் மின்விளக்கு. ஓர் ஊரின் பிரசுரத்தை வாசித்தால் அடுத்த ஊரினதையும் அரைவாசி வாசித்ததாகும்.

வன்கூவரில் உணவகச் சமையலறைகளில் வேலை செய்யும் எமக்குத் திங்கட்கிழமை ஓய்வு நாள். ஊரில் பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டுவிட்டு வந்தவர்கள் நாம். அந்தக் குறையைக் கையில் கிடைப்பதையெல்லாம் வாசித்துத் தீர்க்கப் பார்க்கிறோம். எல்லைக்குத் தெற்கே வாஷிங்ரன் மாநிலத்துக் கரையோர நகரங்களின் வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கியதும் இப்படித்தான். அவை எமக்கு அருகில் இருக்கின்றன என்பதைத் தவிர ஆரம்பத்தில் வேறு காரணம் இருக்கவில்லை.

வாசிக்க வாசிக்க ஒரு விடயம் புலப்பட்டது. ஊர்வரலாறு என்பது அந்த ஊரில் எஞ்சியவர்கள் எழுதுவது. இறுதிவரை இருந்தவர்கள், காணிக்கு உறுதி வைத்திருந்தவர்கள், பேரப்பிள்ளைகளை அதே ஊரில் வளர்த்தவர்கள் தமது ஞாபகங்களைச் சேர்த்து அதை எழுதுகிறார்கள். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு அந்த ஊரில் எழுதுவதற்கு ஆள் இல்லை. அவர்களுடைய வரலாறு வேறெங்கோ, பெரும்பாலும் ஓர் அரச அலுவலகத்தின் கோப்பில் கிடக்கிறது. இதனை ஒரு நகரத்தை முன்வைத்துச் சொல்ல முயல்கிறோம்.

2

ரக்கோமா, சியாற்றில் நகருக்குத் தெற்கே ஐம்பது கிலோமீற்றர் அளவில் இருக்கும் துறைமுக நகரம். அம்மண்ணின் மக்களான புயாலப் இனத்தவர்கள் 1854 டிசம்பரில் மெடிசின் கிறீக் என்ற இடத்தில் ஓர் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டு நிலத்தின் மிகப் பெரும்பகுதியை இழந்தார்கள். 1873இல் நோர்தேர்ண் பசிபிக் ரயில் நிறுவனம் தனது பாதையின் மேற்கு முனையாக ரக்கோமாவைத் தெரிவு செய்தது. அதன்பிறகு ஊர் வீங்கத் தொடங்கியது. 1880இல் 1,098 பேர் இருந்த ஊரில் 1890இல் 36,006 பேர் இருந்தார்கள்.

அந்த ரயில்பாதையைப் போட்டவர்களில் சீனத் தொழிலாளர்கள் ஏராளம். பெரும்பாலும் தென்சீனத்தின் குவாங்டொங் பகுதியிலிருந்து வந்தவர்கள். பாதை போட்டு முடிந்ததும் அவர்களில் ஒரு பகுதியினர் ரக்கோமாவில் தங்கினார்கள். மர ஆலைகளில் வேலை செய்தார்கள். துணி வெளுத்தார்கள், மரக்கறித் தோட்டம் செய்து வீடு வீடாக விற்றார்கள், வெள்ளையர் வீடுகளில் சமைத்தார்கள். சிலர் கடை வைத்தார்கள். கடற்கரையோரமாக, ரயில் நிறுவனத்திடம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் அவர்களது குடியிருப்பு இருந்தது. 1885 அளவில் ரக்கோமாவில் சுமார் 700 சீனர்கள் இருந்தார்கள்.

1882இல் அமெரிக்க நாடாளுமன்றம் சீனர் விலக்குச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. சீனத் தொழிலாளர்கள் பத்து ஆண்டுகளுக்கு நாட்டினுள் வரக்கூடாது, ஏற்கெனவே இருப்பவர்கள் குடியுரிமை பெறமுடியாது என்பது சட்டம். ஓர் இனத்தின் பெயரைச் சொல்லித் தொழிலாளரைத் தடுத்த முதலாவது அமெரிக்கச் சட்டம் இது. 1883இல் நோர்தேர்ண் பசிபிக் பாதை முழுமையடைந்ததும் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். வேலையிழந்த வெள்ளைத் தொழிலாளிக்கு, குறைந்த கூலிக்கு ஆள் பிடித்த முதலாளி எட்டாத தூரத்தில் இருந்தான். அந்தக் கூலிக்கு வேலை செய்தவன் பக்கத்துத் தெருவில் இருந்தான். மேலேயுள்ளவனைத் தொடமுடியாதபோது கை பக்கத்தில் இருப்பவன் மேல் விழுகிறது. இதை நாம் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை.

1885 செப்ரெம்பர் 2ஆம் திகதி வையோமிங் பிரதேசத்தில் றொக் ஸ்பிறிங்ஸ் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் வெள்ளைச் சுரங்கத் தொழிலாளர்கள் சீனக் குடியிருப்பைத் தாக்கினார்கள். குறைந்தது 28 சீனர்கள் கொல்லப்பட்டார்கள். வீடுகள் அனைத்தும் எரிக்கப்பட்டன. ஐந்து நாட்களின் பின்னர் சியாற்றிலுக்கு அருகே, இன்று இசாக்குவா எனப்படும் பள்ளத்தாக்கில், ஹொப்ஸ் கொடித்தோட்டத்தில் கூடாரமடித்துத் தூங்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்கள் சுடப்பட்டார்கள். மூவர் இறந்தார்கள். அதே மாதம் 28ஆம் திகதி சியாற்றிலில் சீனர் எதிர்ப்பு மாநாடு ஒன்று கூடியது. நவம்பர் 1ஆம் திகதிக்கு முன்னர் சீனர்கள் எல்லோரும் வெளியேற வேண்டுமென்று தீர்மானித்தது. அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் ரக்கோமாவின் நகரபிதா ஜேக்கப் வைஸ்பாக். இவர் ஜேர்மனியில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

ரக்கோமாவில் பதினைந்து பேர் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது. அவர்கள் வீடுவீடாகப் போய்த் திகதியை அறிவித்தார்கள். பெரும்பாலான சீனர்கள் ஒக்ரோபர் முடிவதற்குள் போய்விட்டார்கள். பொருட்களை விற்க முடியாமலும், கடன்களை வசூலிக்க முடியாமலும், சட்டம் தம்மைக் காப்பாற்றும் என்று நம்பியும் இருநூறு பேரளவில் தங்கினார்கள். வியாபாரிகள் பிரதேச ஆளுநருக்குத் தந்தி அடித்தார்கள். படை வரவில்லை.

நவம்பர் 3ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை ஆலைகளின் ஊதல்கள் ஒலித்தன. அதுதான் அடையாளம். பல நூறு பேர் திரண்டு சீனர்களின் வீடுகளுக்கும் கடைகளுக்கும் போனார்கள். பிற்பகலுக்குள் மூட்டை கட்டச் சொன்னார்கள். வரமறுத்தவர்களின் கதவுகளை உடைத்தார்கள். பிறகு மழையில், ஆயுதம் தாங்கிய காவலோடு, எட்டு மைல் அளவுக்கு அப்பாலிருந்த லேக்வியூ ரயில் தரிப்பிடத்துக்கு நடத்திச் சென்றார்கள். இரவு முழுவதும் போதிய கூரையற்ற அந்த இடத்தில் கிடந்தார்கள். ரிக்கற் வாங்கப் பணம் இருந்தவர்கள் போட்லண்ட் நகருக்கு ரயில் ஏறினார்கள். ஏனையோர் சரக்கு ரயிலில் ஏற்றப்பட்டார்கள். சிலர் தண்டவாளம் வழியே நடந்தார்கள். குளிரிலும் மழையிலும் அகப்பட்டு இருவர் இறந்ததாக வாக்குமூலங்கள் சொல்கின்றன. அடுத்த நாட்களில் அவர்களது குடியிருப்பு எரிக்கப்பட்டது. அதன் பின் நீண்டகாலத்துக்கு ரக்கோமாவில் சீனர் குடியிருப்பு என்று எதுவும் இருக்கவில்லை.

இதைச் செய்தவர்கள் இரவில் முகமூடி போட்டு வந்த காடையர்கள் அல்லர். நகரபிதா, நகரசபை அங்கத்தவர்கள், ஒரு நீதிபதி, வர்த்தகர்கள், வேலைத்தல முகாமையாளர்கள். பட்டப்பகலில், ஊரறியச் செய்தார்கள். றொக் ஸ்பிறிங்ஸில் போல இரத்தம் சிந்தாமல், ஒழுங்காகக் காரியத்தை முடித்தோம் என்று பெருமைப்பட்டார்கள். "ரக்கோமா முறை" என்று அதற்கு ஒரு பெயரே வந்தது. வேறு ஊர்களுக்கு அது முன்மாதிரியாகச் சொல்லப்பட்டது.

நவம்பர் 7ஆம் திகதி சனாதிபதி கிளீவ்லன்ட் கலைந்து செல்லுமாறு பிரகடனம் வெளியிட்டார். இராணுவம் வந்தது. நகரபிதா உட்பட 27 பேர் கைதானார்கள். பிணையில் திரும்பி வந்தபோது ஊர் அவர்களை ஊர்வலம் வைத்து வரவேற்றது. ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அந்த 27 பேரில் ஒருவரான ஜேம்ஸ் விக்கர்ஷாம் பின்னர் அலாஸ்காவில் சமஷ்டி நீதிபதியானார், வாஷிங்ரன் தலைநகருக்கு அலாஸ்காவின் பிரதிநிதியாகவும் போனார். 1916இல் அலாஸ்காவை ஒரு மாநிலமாக்கும் முதலாவது சட்டமூலத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். அவரது பெயர் அலாஸ்காவின் வரலாற்றில் மரியாதையோடு நிற்கிறது.

இது வேறுவிதமாகவும் நடந்திருக்கலாம். 1886 பெப்ரவரி 7ஆம் திகதி சியாற்றிலில் இதே முறையைக் கையாளப் பார்த்தார்கள். சுமார் 350 சீனர்களைக் கப்பல்துறைக்கு இழுத்துச் சென்றார்கள். ஆனால் அங்கே ஒரு நீதிபதி ஆட்கொணர்வு ஆணை பிறப்பித்தார். ஆயுதம் ஏந்திய குடிமக்கள் காவற்படை ஒன்று கும்பலுக்கு எதிரே நின்றது. அங்கேயும் அதிகமானோர் கப்பலேறிப் போகத்தான் வேண்டியிருந்தது, ஆனாலும் எல்லோரும் போகவில்லை. சியாற்றிலில் சீனர்கள் தொடர்ந்து வாழ்ந்தார்கள். இரண்டு ஊர்களும் அடுத்தடுத்த ஊர்கள். ஒன்றில் அதிகாரத்தில் இருந்தவர்கள் கும்பலோடு நடந்தார்கள், மற்றதில் சிலராவது நடக்கவில்லை.

3

ரக்கோமாவில் நடந்ததை இன்று இவ்வளவு விபரமாக நாம் எழுத முடிவது எப்படி? வெளியேற்றப்பட்டவர்கள் 1886இல் கொடுத்த சத்தியக்கூற்றுகள் இருக்கின்றன. சீன அரசு நட்டஈடு கேட்டதால் அவை எழுதப்பட்டன. ஒவ்வொருவரும் என்ன வைத்திருந்தார், எவ்வளவு இழந்தார், அன்று என்ன கண்டார் என்பவை பதிவாகின.

லம் மே என்ற வர்த்தகரின் கூற்று இவற்றுள் முக்கியமானது. பத்தாண்டுகளாக ரக்கோமாவில் வாழ்ந்தவர். அன்று கும்பல் தன் வீட்டுக்கு வந்ததையும், தன் மனைவி வெளியேற மறுத்ததையும், அவரை வீட்டிலிருந்து இழுத்து வெளியேற்றியதையும் சொல்கிறார். அந்தப் பயத்தில் மனைவிக்குச் சித்தம் கலங்கிவிட்டது, அதன் பிறகு குணமடையவேயில்லை, அவர் தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் இடைவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்கிறார். கும்பலிடையே நகரபிதாவைக் கண்டதாகவும் சொல்கிறார். பிறகு கூற்று மீண்டும் சரக்குகளுக்கும் கட்டிடத்துக்கும் வரவேண்டிய கடன்களுக்கும் திரும்பிவிடுகிறது.

எமக்கு இந்த இடம் மிகவும் பரிச்சயமானது. எம்மில் அநேகர் ஒருமுறையாவது ஒரு வாக்குமூலம் கொடுத்தவர்கள். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்க, திகதி பிழைத்துவிடுமோ என்ற பயத்தோடு, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னவர்கள். அலுவலகத்துக்கு எது வேண்டுமோ அதுதான் எழுதப்படும். லம் மேயிடம் கேட்டது எத்தனை டொலர் நட்டம் என்பது. மனைவியின் சித்தத்துக்கு விலை போட அந்தப் படிவத்தில் இடமில்லை. ஆயினும் அவர் அதைச் சொன்னார், எழுதியவரும் எழுதினார். நூற்று நாற்பது வருடங்களுக்குப் பின்னர் அந்த ஊரின் வரலாற்றில் எம்மை நிறுத்துவது அந்தச் சில வரிகள்தான்.

றொக் ஸ்பிறிங்ஸ் சீனர்களும் எழுதினார்கள். சம்பவம் நடந்து மூன்று கிழமைக்குள், நியூயோர்க்கிலிருந்த சீனத் தூதரக அதிகாரிக்கு 559 தொழிலாளர்கள் கையெழுத்திட்டு ஒரு மனு அனுப்பினார்கள். கும்பல் எந்தப் பாலத்தால் வந்தது, எப்படி இரண்டாகப் பிரிந்து சூழ்ந்தது, யார் எந்த மலைப்பக்கம் ஓடினார்கள், தம்மைத் திரும்பக் கூட்டிவந்தபோது எரிந்த வீடுகளிடையே என்ன கிடந்தது என்றெல்லாம் அதில் இருக்கிறது. இறந்தவர்களைப் பற்றி அந்த அதிகாரி தயாரித்த அறிக்கை ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுதுகிறது: உடல் எங்கே கிடைத்தது, எங்கே காயம், என்ன வயது, ஊரில் யார் இருக்கிறார்கள். தாய் இருக்கிறாள், மனைவி இருக்கிறாள், ஒரு மகன் இருக்கிறான். சுரங்க நிறுவனத்துக்கும் ஊர்ப் பத்திரிகைக்கும் வெறும் "சீனன்" ஆக இருந்தவர்கள் இந்தப் பட்டியலில் ஆட்களாக இருக்கிறார்கள்.

றொக் ஸ்பிறிங்ஸில் 16 பேர் கைதாகினர். சாட்சி சொல்ல ஒருவரும் முன்வராததால் குற்றப்பத்திரம்கூடத் தாக்கலாகவில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் 147,748 டொலர் 74 சதம் நட்டஈடாகச் சீன அரசுக்குக் கொடுத்தது. 1888இல் ரக்கோமா உட்பட ஏனைய இடங்களில் ஏற்பட்ட நட்டங்களுக்காக 276,619 டொலர் 75 சதம் ஒதுக்கப்பட்டது. அதே வருடத்தில்தான், விடுமுறைக்குச் சீனா போயிருந்த தொழிலாளர்கள் திரும்பி வருவதற்கு வைத்திருந்த அனுமதிப் பத்திரங்களைச் செல்லாததாக்கும் சட்டமும் வந்தது. சுமார் 20,000 பேர் கையில் பத்திரத்தோடு வெளியே நின்றார்கள். ஒரு கை நட்டஈடு கொடுக்க மறுகை கதவைப் பூட்டியது.

ஒரு பத்திரத்தை வைத்திருப்பதன் பலன் எப்போது தெரியவரும் என்று சொல்லமுடியாது. புயாலப் இனத்தவரின் 1854ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில், வழமையான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமை ஏனைய குடிமக்களோடு பொதுவாக இருக்கும் என்று ஒரு வரி இருந்தது. மாநில அரசு நீண்டகாலமாக அந்த வரியை மதிக்கவில்லை. ஆற்றில் வலைபோட்டவர்களைப் பிடித்து அடைத்தது. ஆனால் அவர்கள் அந்த வரியை விடவில்லை. 1974இல் நீதிபதி ஜோர்ஜ் போல்ட், பிடிக்கக்கூடிய மீனில் அரைவாசி ஒப்பந்த இனங்களுக்கு உரியது என்று தீர்ப்பளித்தார். 120 வருடங்களுக்கு முந்திய ஒரு வரி அப்போதுதான் வேலை செய்தது.

4

ரக்கோமா தனித்த ஒரு சம்பவமாக இருந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம். 1885 பெப்ரவரியில் கலிபோர்னியாவின் யுறீக்கா நகரத்தில், சீனர்களிடையே நடந்த துப்பாக்கிச் சண்டையில் நகரசபை அங்கத்தவர் ஒருவர் தவறுதலாகச் சுடப்பட்டு இறந்தார். ஒட்டுமொத்தச் சீனர்களும், சுமார் 300 பேர், இரண்டு நாளைக்குள் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1886இல் நகரசபைக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தார்கள். வழக்குத் தோற்றது, ஆனால் வழக்கேடு இருக்கிறது. அந்த மாவட்டத்தின் 1890ஆம் ஆண்டு வர்த்தகக் கையேடு, தங்களிடம் ஒரு சீனன்கூட இல்லை என்று விளம்பரம் செய்தது. வெட்கப்பட்டு மறைப்பதற்கு முன்னர் பெருமையாகச் சொன்ன ஒரு காலமும் இருந்திருக்கிறது.

எமக்கு மிகவும் அருகிலுள்ள பெல்லிங்ஹாமில் துரத்தப்பட்டவர்கள் எம் துணைக்கண்டத்தவர்கள். 1907 செப்ரெம்பர் 4ஆம் திகதி இரவு, மர ஆலைகளில் வேலை செய்த பஞ்சாபியரின் தங்குமிடங்களுக்குள் ஐந்நூறு பேரளவிலான கும்பல் புகுந்தது. பெரும்பாலும் சீக்கியர்களான அவர்களை "இந்துக்கள்" என்றே பத்திரிகைகள் எழுதின. அடித்து இழுத்து வந்து நகரசபைக் கட்டிடத்தின் நிலக்கீழ் அறையில் அடைத்தார்கள். பாதுகாப்புக்காக என்று சொல்லப்பட்டது. சில நாட்களில் அவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். சிலர் வடக்கே வன்கூவருக்கு வந்தார்கள். மூன்று நாள் கழித்து, செப்ரெம்பர் 7ஆம் திகதி, வன்கூவரிலும் கும்பல் கூடிச் சீனர், யப்பானியர் தெருக்களைத் தாக்கியது. நாம் இன்று வேலைக்குப் போகும் பேருந்து அந்தத் தெருக்களால்தான் போகிறது.

அதே கரையில் வேறு மாதிரியான ஊரும் இருந்தது. ஒறிகன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்று முகத்துவாரத்திலுள்ள அஸ்ரோரியாவில் 1913இல் பஞ்சாபித் தொழிலாளர்கள் கூடிக் கதர் இயக்கத்துக்கு அடித்தளமிட்டார்கள். கூட்டம் நடந்தது பின்லாந்துச் சோசலிஸ்டுகளின் மண்டபத்தில். ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியைக் கண்டவர்கள், பிரித்தானியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தவர்களுக்கு மண்டபத்தைக் கொடுத்தார்கள். வெள்ளைத் தொழிலாளிக்கும் ஆசியத் தொழிலாளிக்கும் பகை இயற்கையானது என்று சொல்பவர்களுக்கு இந்த மண்டபத்தை ஞாபகப்படுத்தலாம்.

இவற்றையெல்லாம் கண்டுபிடிப்பவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதும் எமக்குச் சுவாரசியமாக இருந்தது. 2005இல் ஜேம்ஸ் லோவன், கறுப்பின மக்களை மாலைக்குப் பின் தங்கவிடாத அமெரிக்க ஊர்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அவரது வழிகளில் ஒன்று குடிசன மதிப்பீட்டை வாசிப்பது. ஒரு மதிப்பீட்டில் சில நூறு பேர் இருக்கிறார்கள், அடுத்ததில் இல்லை என்றால், இடையில் என்ன நடந்தது என்று கேட்கிறார். பிறகு முதியவர்களிடம் போய்க் கேட்கிறார். ஜீன் பெல்சர் 2007இல் வெளியிட்ட நூல் இதேபோல் இருநூறு அளவிலான ஊர்களில் சீனர்கள் துரத்தப்பட்டதைத் தொகுத்தது. பிரசுரத்தில் இல்லாதவர்களை எண்களுக்கிடையே தேடுகிறார்கள்.

5

இந்தக் கதையோடு எமது தீவுக்கு நேரடியான ஒரு தொடர்பு உண்டு. ஊர்களில் தொடங்கியது நாட்டின் சட்டமாக விரிந்தது. 1917ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் ஆசியாவில் ஒரு தடைவலயத்தை அட்சரேகை, தீர்க்கரேகை கொண்டு வரையறுத்தது. ஆசியக் கண்டத்தை அடுத்து, வடக்கே 20 பாகைக்கும் தெற்கே 10 பாகைக்கும் இடைப்பட்ட, அமெரிக்காவுக்குச் சொந்தமல்லாத தீவுகளில் பிறந்தவர்கள் குடியேற முடியாது. இலங்கை இந்தச் சதுரத்துக்குள் விழுகிறது. வட்டுக்கோட்டையும் மானிப்பாயும் விழுகின்றன.

இவ்விரு ஊர்களையும் நாம் சும்மா சொல்லவில்லை. அமெரிக்க மிஷனரிமார் 1816இலிருந்து யாழ்ப்பாணத்தில் வேலை செய்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கினார்கள். மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் வோர்செஸ்ரர் நகரத்தவரான வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் வந்து மானிப்பாயில் இருந்துகொண்டு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழில் படிப்பித்தார். தமிழர்களுக்கு வைத்தியம் செய்த ஊழியர் என்று அவருடைய கல்லறையில் பொறித்திருக்கிறது. அப்படிப்பட்ட அமெரிக்கச் சிற்றூர்களிலிருந்து நூறு வருடங்களாக யாழ்ப்பாணத்துக்கு ஆட்கள் வந்துபோனார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே குடியேறப் போவது 1917இலிருந்து சட்டவிரோதம். கதவு ஒரு பக்கம் மட்டும் திறந்தது. 1943இல் சீனருக்கு வருடத்துக்கு 105 பேர் என்ற கோட்டாவோடு தடை நீங்கியது. தேசங்களையும் இனங்களையும் பார்த்து இடம் பிரிக்கும் கோட்டா முறை 1965ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஒழிந்தது.

உணவகத் தொழிலாளர்களான எமக்கு இன்னொரு விடயம் மிகவும் அருகில் இருக்கிறது. அமெரிக்காவின் மிகச் சிறிய ஊரிலும் ஒரு சீனச் சாப்பாட்டுக்கடை இருப்பதைப் பலர் கண்டிருப்பார்கள். சீனர்கள் சமையலில் கெட்டிக்காரர்கள் என்பது மட்டும் இதற்குக் காரணமில்லை. விலக்குச் சட்டம் தொழிலாளர்களைத் தடுத்தது, வர்த்தகர்களுக்கு விதிவிலக்குக் கொடுத்தது. 1915இல் ஒரு நீதிமன்றம் உணவக உரிமையாளரையும் வர்த்தகராகக் கொள்ளலாம் என்று தீர்த்தது. ஆனால் அவர் முகாமையாளராக மட்டும் இருக்கவேண்டும், கையால் வேலை செய்யக்கூடாது. ஆகவே உறவினர்கள் பணம் சேர்த்து ஒரு கடை போட்டார்கள். ஒவ்வொருவராக முறை வைத்து ஒரு வருடம் முகாமையாளராக இருந்து பத்திரம் எடுத்தார்கள், அதைக் கொண்டு சீனாவுக்குப் போய் மனைவி பிள்ளைகளைப் பார்த்து வந்தார்கள். முறை முடிந்ததும் திரும்பவும் அடுப்படிக்குப் போனார்கள். எமது சீட்டு முறையை ஞாபகப்படுத்தும் ஏற்பாடு. ஓர் ஊரின் பிரதான வீதியில் சிவப்பு விளக்குத் தொங்கும் அந்தக் கடையும் ஒரு சட்டத்தின் விளைவு. அதை ஊர்வரலாற்றுப் பிரசுரம் எழுதுவதில்லை.

6

இந்நகரங்கள் இப்போது மெல்ல மெல்லத் தங்கள் வரலாற்றைத் திருத்தி எழுதுகின்றன. ரக்கோமா நகரசபை 1993இல் நடந்ததற்கு வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அழிந்த குடியிருப்புக்கு அண்மையில், கடலோரத்தில், சீன நல்லிணக்கப் பூங்கா அமைந்தது. சீனாவின் பூசோ நகரம் ஒரு மண்டபத்தை அதற்கு அன்பளிப்பாக அனுப்பியது. பெல்லிங்ஹாம் நாளிதழ் 1907இல் தான் எழுதிய விதத்துக்காக 2007இல் மன்னிப்புக் கேட்டது. 2018இல் அங்கே நல்லிணக்க வளைவு ஒன்று திறக்கப்பட்டது. றொக் ஸ்பிறிங்ஸில் 2024இல் தொல்லியலாளர்கள் தோண்டியபோது எரிந்த மண்படையைக் கண்டார்கள். மண்ணுக்கும் ஞாபகம் இருக்கிறது.

நினைவுக்கல் நாட்டினால் போதுமா என்று கேட்கலாம். போதாது. லம் மேயின் கடை திரும்பி வரவில்லை. துரத்தப்பட்டவர்களின் சந்ததியினர் யார், எங்கே என்பதும் அநேகமாகத் தெரியாமலே போய்விட்டது. ஆனால் கல் நாட்டுவதற்கும் முதலில் ஒரு பதிவு இருக்கவேண்டும். அந்தப் பதிவைத் துரத்தியவர்கள் வைத்திருக்கவில்லை. துரத்தப்பட்டவர்கள், மழையில் நனைந்த ஆறேழு மாதத்துக்குள் உட்கார்ந்து சொல்லி வைத்தார்கள்.

எமது ஊர்களின் வரலாற்றை யார் எழுதப்போகிறார்கள் என்று இங்கே கேட்கத்தான் வேண்டும். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தது. ஏடுகளும் பழைய பத்திரிகைகளும் போயின. கச்சேரிப் பதிவுகள் எத்தனையோ இடப்பெயர்வுகளில் தொலைந்தன. இருப்பவர்கள் எழுதுவார்கள், எழுதுகிறார்கள். ஆனால் ரக்கோமாவைப் பற்றி வாசித்தபின் இருப்பவர்கள் எழுதுவதை மட்டும் நம்ப முடியவில்லை. 1990 ஒக்ரோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள், எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியால அவகாசம். சோனகத் தெருவின் வரலாற்றை அங்கிருந்து புத்தளத்துக்குப் போனவர்களிடம் கேட்காமல் எழுதினால் அது ரக்கோமா நகரசபையின் பழைய பிரசுரம் போலத்தான் இருக்கும். துரத்தப்பட்டவர்கள் என்ற பெயரில் எழுதும் நாம், துரத்தப்பட்ட மற்றவர்களை எமது ஊர்வரலாற்றில் எங்கே வைக்கிறோம் என்பதிலிருந்துதான் எமது எழுத்தின் நேர்மை அளக்கப்படும்.

எனவே, இக்கட்டுரையை வாசிக்கும் நண்பர்களிடம் இரண்டு விடயங்களைக் கேட்டுக்கொள்கிறோம். முதலாவது, அகதி விண்ணப்பத்துக்காகக் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதியை எறிந்துவிட வேண்டாம். அதை எடுத்துப் பார்ப்பதற்கு மனம் கூசும் என்பது தெரியும். பயத்தில் சொன்னது, ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ ஜேர்மன் மொழியிலோ வேறொருவர் எழுதியது. அதன் பின்பக்கத்தில், அலுவலகம் கேட்காதவற்றைத் தமிழில் எழுதி வையுங்கள். ஒழுங்கையின் பெயர், கிணறு யாருடைய காணியில் இருந்தது, சந்தியில் யார் யார் கடை வைத்திருந்தார்கள், அவர்களில் யார் எந்த வருடம் இல்லாமல் போனார்கள், ஏன் போனார்கள்.

இரண்டாவது, இப்போது வாழும் ஊரைப் பற்றியது. ஒஸ்லோவிலோ பாரிசிலோ ரொறன்ரோவிலோ, அமெரிக்காவின் ஏதோவொரு சிற்றூரிலோ, நாம் வாடகைக்கு இருக்கும் தெருவில் எமக்கு முன்னர் யாரோ இருந்திருக்கிறார்கள். பொது நூலகத்தில் ஊர்வரலாற்றுக்கென்று ஓர் அலமாரி இருக்கும். மொழி முழுதாக விளங்காவிட்டாலும் குடிசன மதிப்பீட்டின் எண்கள் விளங்கும். ஒரு வருடத்தில் இருந்து அடுத்த வருடத்தில் இல்லாமல் போனவர்கள் யாராவது இருந்தால், அவர்களைப் பற்றி விசாரித்து இந்தப் பக்கங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.